ஒரு மூட்டை ரேஷன் அரிசியும் மூணு வார்த்தையும்

போன மாசம் மன்னார்குடி பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன், அன்னைக்கு அம்மா கார்டுக்கு அரிசி போடற நாள், நானும் அண்ணன் பையனும் வண்டி எடுத்துகிட்டுக் கடைக்குப் போனோம். இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். மூட்டையை முன்னாடி வச்சு காலால அணைச்சுகிட்டு வண்டி ஓட்டிட்டு வரும்போது திடீர்னு கேக்கறான், "அத்தை, சோசலிசத்துக்கு ஆப்போசிட்டு ஜனநாயகம்தானே, அப்ப நம்ம அரசியல் சட்டத்துல முதல் பக்கத்துலயே சமதர்ம ஜனநாயகக் குடியரசுன்னு ரெண்டையும் சேர்த்து எப்படி எழுதி வச்சிருக்காங்க?"

ஏதோ வீடியோவுல பாத்திருக்கான். அமெரிக்கான்னா ஜனநாயகம், பழைய ரஷ்யான்னா சோசலிசம், ரெண்டுக்கும் சண்டை, அதனால ரெண்டும் எதிர் எதிர்னு அவன் மனசுல பதிஞ்சு போச்சு. அவனை மட்டும் குறை சொல்ல முடியாது, நல்லா படிச்ச பெரியவங்க நிறைய பேர் இப்படித்தான் பேசறாங்க, எனக்கு அதுல ரொம்ப நாளா வருத்தம் உண்டு. வீட்டுக்கு வந்து அரிசியை இறக்கி வச்சிட்டு திண்ணையில உக்காந்து ரெண்டு மணி நேரம் அவன்கிட்ட பேசினேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

வயல் யாருக்குச் சொந்தம், மில்லு யாருக்குச் சொந்தம், விளைஞ்சதை எப்படிப் பங்கு போடறது, இது ஒரு கேள்வி. முதலாளித்துவமும் சோசலிசமும் இந்தக் கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் சொல்லுது, ஒண்ணு தனியார் கையிலங்குது, இன்னொண்ணு பொதுக் கையிலங்குது. அதை முடிவு பண்ற இடத்துல யாருக்கெல்லாம் வாய் இருக்கு, முடிவு தப்பாப் போனா முடிவெடுத்தவனை வீட்டுக்கு அனுப்ப முடியுமா, இது வேற கேள்வி, ஜனநாயகம் இதுக்கான பதில். ரெண்டும் வேற வேற கேள்விங்கறதாலதான் எல்லா விதமான சேர்க்கையும் உலகத்துல இருந்திருக்கு. 1973க்கு அப்புறம் சிலியில பினோசே ராணுவ ஆட்சி நடத்தினார், ஆனா பொருளாதாரம் பெரும்பாலும் திறந்த சந்தை. 1957ல கேரளாவுல ஓட்டுப்பெட்டி வழியா ஜெயிச்சு ஈ.எம்.எஸ். தலைமையில கம்யூனிஸ்ட் ஆட்சி வந்துச்சு, நிலச் சீர்திருத்தம் பேசுச்சு, 1959ல மத்திய அரசு அதைக் கலைச்சுது. இதுல எது யாருக்கு ஆப்போசிட்டு?

சரி, நம்ம வீட்டு மூட்டைக்கே வருவோம். அந்த 20 கிலோ அரிசி எங்கேருந்து வந்துச்சுன்னு அவன்கிட்ட கேட்டேன். "கவர்மென்ட் குடுக்குது"ன்னான். கவர்மென்ட் எந்த வயல்ல நட்டுச்சு?

எங்க பக்கத்துல நெல்லு போடறவங்க எல்லாம் சொந்த நிலமோ குத்தகையோ வச்சு, கைக்காசு போட்டு, கடன் வாங்கி, லாபம் வரும்னு நம்பி விவசாயம் பண்றவங்க. உரம் கம்பெனி உரம், அறுவடை மெஷின் மணிக்கு இவ்வளவுன்னு வாடகை, வெளி மாநிலத்துலேருந்து கூட வரும். இது வரைக்கும் முழுசா சந்தைதான். அறுத்த நெல்லு டிபிசிக்குப் போகுது, நேரடி கொள்முதல் நிலையம், அதை நடத்தறது 1972ல ஆரம்பிச்ச நுகர்பொருள் வாணிபக் கழகம், விலை அரசாங்கம் அறிவிச்ச விலை. அங்கேருந்து அரவைக்குப் போறதுல கழகத்தோட ஆலையும் உண்டு, தனியார் ஆலையும் உண்டு, கூலி பேசி அரைச்சுக் குடுப்பாங்க. அப்புறம் குடோன், லாரி, கடைசியா கூட்டுறவு சங்கம் நடத்தற ரேஷன் கடை. அதாவது ஒரே அரிசி தனியார் வயல்ல முளைச்சு, அரசாங்கக் கைக்கு வந்து, தனியார் மில்லுல தீட்டி, கூட்டுறவுக் கடையில அளந்து அம்மா பானைக்கு வருது. இதுல எந்த இடத்துல கோடு கிழிச்சு இது முதலாளித்துவம் இது சோசலிசம்னு பிரிக்கிறது? இந்திய உணவுக் கழகம் 1965ல ஆரம்பிச்சப்ப முதல் மாவட்ட ஆபீஸ் போட்டதே நம்ம தஞ்சாவூர்லதான், இது அவனுக்குத் தெரியலை, எங்க ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது.

டிபிசி பத்தி சொல்லும்போது ஒண்ணை மறைக்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க நெல்லு களத்துல ஆறு நாள் கிடந்துச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு எடுக்க மாட்டேன்னுட்டாங்க, அண்ணன் பகல்ல விரிச்சுக் காய வைக்கும், சாயங்காலம் மேகம் கூடினா ஓடிப்போய் குவிச்சு தார்பாய் போட்டு மூடும், மூணாவது நாள் ராத்திரி மழையில அடியில தண்ணி புகுந்து கீழ்ப்பக்க நெல்லு முளை விட்டுடுச்சு, கையில அள்ளிப் பாத்தா வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி. கடைசியில எடுத்தாங்க, ஆனா மூட்டைக்கு இவ்வளவுன்னு கையில வாங்கிட்டுத்தான் எடுத்தாங்க. சரி போய்யான்னு வெளி வியாபாரிகிட்ட குடுக்கலாம்னா அவன் அந்த மழையைப் பாத்துதான் விலையே சொல்றான். அரசாங்கம் நடத்துதுன்னாலே அது ஜனங்களோடதுன்னு ஆகிடாது, சந்தைன்னாலே அங்க சுதந்திரம்னும் ஆகிடாது, ரெண்டு இடத்துலயும் எங்கண்ணன் கை கட்டிதான் நின்னுச்சு.

அந்த ஆறு நாளை நெனச்சாலே எனக்கு தாது வருஷப் பஞ்சம் ஞாபகம் வருது. 1876லேருந்து 78 வரைக்கும் சென்னை மாகாணத்துல நடந்தது, பாட்டி காலம் வரைக்கும் வாய் வழியா வந்த கதை. நெல்லே இல்லாம மட்டும் ஜனங்க சாகலை, ரயில் இருந்துச்சு, வியாபாரம் நடந்துச்சு, விலை எங்க அதிகமோ அங்க தானியம் போச்சு, இந்தியாவுலேருந்து இங்கிலாந்துக்கு ஏத்துமதி கூட நிக்கலை. சந்தையில கை வைக்கக் கூடாதுன்னு வைஸ்ராய் லிட்டன் பிடிவாதமா இருந்தார், ரிச்சர்டு டெம்பிள்னு ஒரு அதிகாரியை அனுப்பினார், அவர் நிவாரண வேலை பாக்கற ஆளுக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும்னு குறைச்சார், தானியம் அரைக் கிலோவுக்கும் கம்மி, அதை வாங்கிகிட்டு நாள் முழுக்க மண்ணு வெட்டணும். சென்னையில அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டினதுதான். மெட்ராஸ்ல இருக்கறவங்க தினம் அதைத் தாண்டிப் போறாங்க.

1943ல வங்காளப் பஞ்சம், சுமார் 30 லட்சம் பேர் செத்தாங்க. அதுவும் வெள்ளைக்காரன் ஆட்சி, ஓட்டுக் கேட்டு ஜனங்க முன்னாடி நிக்க வேண்டிய அவசியம் இல்லாத ஆட்சி.

சரி அது முதலாளித்துவ சாம்ராஜ்யம், சோசலிச நாட்டுல பட்டினி வராதுன்னு நினைச்சா 1959லேருந்து 61 வரைக்கும் சீனா. தனியார் நிலமே இல்லை, எல்லாம் கம்யூன்ங்கற கூட்டுப் பண்ணை, பொதுச் சமையல் கூடம். மேல இருக்கறவங்களைச் சந்தோஷப்படுத்த ஒவ்வொரு ஊர் அதிகாரியும் விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதினாங்க, எழுதின கணக்கை வச்சு மேல இருக்கறவங்க கொள்முதல் பண்ணாங்க, கிராமத்துல விதை நெல்லு கூட மிஞ்சலை. செத்தவங்க கோடிக்கணக்குல. ராணுவ அமைச்சரா இருந்த பெங் தெஹுவாய் 1959ல லூஷான் கூட்டத்தப்ப இது சரியில்லைன்னு மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார், அவர் பதவியே போச்சு. மந்திரிக்கே அந்தக் கதின்னா கிராமத்துல ஒருத்தன் வாயைத் திறப்பானா?

இதை வச்சுதான் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்னார், சுதந்திரமான பத்திரிகையும் போட்டி உள்ள தேர்தலும் இருக்கற நாட்டுல பெரும் பஞ்சம் வந்ததில்லைன்னு. எனக்கு இது புத்தகக் கருத்தா தெரியலை. சந்தையும் ஜனங்களைச் சாக விட்டிருக்கு, பொது உடைமைங்கற பேர்லயும் சாக விட்டிருக்காங்க, ரெண்டு இடத்துலயும் இல்லாம இருந்தது கீழ இருக்கறவன் கத்தினா மேல இருக்கறவனுக்குப் பயம் வர்ற ஏற்பாடு.

பையன் விடலை, "அப்ப அந்த முதல் பக்கத்துல எழுதினது சரியா தப்பா"ன்னு திரும்ப அங்கயே வந்தான். அதுக்கு ஒரு கதை இருக்கு. 1948 நவம்பர் 15, அரசியல் நிர்ணய சபையில கே.டி.ஷான்னு ஒரு உறுப்பினர், சோசலிஸ்ட்ங்கற வார்த்தையைச் சட்டத்துல சேருங்கன்னு திருத்தம் கொண்டு வர்றார். அம்பேத்கர் வேண்டாம்னார். அவர் சோசலிசத்துக்கு எதிரி ஒண்ணும் இல்லை, முக்கியத் தொழிலும் விவசாய நிலமும் அரசு உடைமையா இருக்கணும்னு அதுக்கு முந்தின வருஷம்தான் எழுதினவர். அவர் சொன்ன காரணம், சமுதாயம் எப்படி அமையணும்ங்கறதை அந்தந்தக் காலத்து ஜனங்க முடிவு பண்ணணும், இன்னைக்கே சட்டத்துல எழுதிப் பூட்டினா அது ஜனநாயகத்தையே அழிக்கறது, நாளைக்கு இதை விட நல்லதா ஒண்ணை ஜனங்க யோசிக்கலாம் இல்லையான்னு. கூடவே இன்னொண்ணும் சொன்னார், சொத்து ஒரு சிலர் கையில சேரக் கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலின்னு அரசுக்கான வழிகாட்டு நெறியில ஏற்கனவே எழுதியிருக்கோமே, அது சோசலிசம் இல்லாம வேற என்னன்னு.

அந்த வார்த்தை அப்புறம் எப்ப உள்ள வந்துச்சு தெரியுமா? 1976ல, 42வது திருத்தம். எமர்ஜென்சி. எதிர்க்கட்சித் தலைவர்கள் நிறைய பேர் ஜெயில்ல, பத்திரிகைக்குத் தணிக்கை, தமிழ்நாட்டுல தி.மு.க. ஆட்சியை ஜனவரி 31ல கலைச்சாச்சு. எதிர்த்துக் கேக்க ஆள் அதிகம் இல்லாத சபையில அந்த வார்த்தையைச் சேர்த்தாங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை நீக்கச் சொன்ன மனுக்களைத் தள்ளுபடி பண்ணிடுச்சு, எனக்கும் அது இருக்கட்டும்னுதான் ஆசை, ஆனா அது வந்த விதத்தை நெனச்சா மனசு வலிக்குது, நல்ல வார்த்தையை அப்படிக் கொண்டு வந்திருக்கக் கூடாது.

அதுக்கு 21 வருஷம் முன்னாடியே, 1955ல, நம்ம ஆவடியில காங்கிரஸ் மாநாட்டுல சோசலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாச்சு. 56ல எல்.ஐ.சி., 69 ஜூலைல 14 பேங்க் தேசியமயம். எங்க ஊருக்குப் பேங்க் வந்ததே அதுக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி தாலியை வட்டிக்கடையில வச்சுதான் நடவு நட்டாங்கன்னு அம்மா சொல்லும். அதே காலத்துலதான் எதுக்கெடுத்தாலும் லைசென்ஸ், பர்மிட், அப்பா ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தார். ராஜாஜி 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு பர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்னு திட்டினதுல நியாயம் இருந்துச்சு, பர்மிட் வாங்கத் தெரிஞ்ச சில குடும்பங்கதான் அதுல கொழுத்தாங்க, ஏழைக்கு அதுல ஒண்ணும் வரலை.

அதே ராஜாஜி 1952ல முதல்வரா வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினவர். 1967 தேர்தல்ல அவர் கட்சி யாரோட கூட்டணி? ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு மேடைக்கு மேடை பேசின அண்ணாவோட. அதே கூட்டணியில மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்துச்சு. தனியார் தொழில் வாழணும்னவங்களும் தனியார் சொத்தே கூடாதுன்னவங்களும் ஒரே மேடையில படி அரிசிக்கு ஓட்டுக் கேட்டாங்க! காமராஜரே விருதுநகர்ல தோத்தார். ஜெயிச்சதும் சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் ரூபாய்க்கு ஒரு படி போட்டாங்க, பணம் கட்டுபடியாகலை, மத்த ஊருக்குக் கொண்டு போக முடியலை. ஆனா அன்னைக்கேருந்து தமிழ்நாட்டுல எவன் ஆட்சிக்கு வந்தாலும் அரிசி விலையில கை வைக்கப் பயப்படறான். 1997ல மத்திய அரசு ரேஷனை ஏழைங்களுக்கு மட்டும்னு பிரிச்சப்ப இங்க பிரிக்கலை, எல்லாருக்கும்னே வச்சிருந்தாங்க, 2008ல கலைஞர் கிலோ ஒரு ரூபா, 2011ல ஜெயலலிதா இலவசம். இதை ஓட்டுக்காகப் பண்ணாங்கன்னு சிலர் கேவலமா சொல்றாங்க. ஓட்டுக்காகத்தான் பண்ணாங்க, ஓட்டு இருக்கறதே அதுக்குத்தானே?

இலங்கையிலயும் இதேதான். 1953ல மானிய அரிசி ஒரு கொத்து, நம்ம படி மாதிரி ஒரு அளவு, 25 சதத்துலேருந்து 70 சதத்துக்கு ஏத்தினாங்க, ஆகஸ்ட் 12ல இடதுசாரிக் கட்சிகள் கூப்பிட்டு நாடு தழுவின ஹர்த்தால், கொழும்புத் துறைமுகத்துல நின்ன ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல போய் மந்திரிசபை கூடுச்சு, அக்டோபர்ல பிரதமர் டட்லி சேனநாயக்க ராஜினாமா. அரிசியால ஆட்சித் தலைவரே போனார்.

இப்ப 1991ல சந்தையைத் திறந்து விட்டதுக்கு அப்புறம் நிலைமை வேற, அதையும் பையன்கிட்ட பேசினேன், ஏன்னா அவன் படிச்சு முடிச்சுப் போகப் போறது அங்கதான். எங்க சித்தி பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை, எட்டு வருஷமா பெர்மனன்ட் ஆகலை. அந்தக் கம்பெனி நிக்கிற இடமே அரசாங்கம் எடுத்து, ரோடு போட்டு, கரண்ட் இழுத்துக் குடுத்த சிப்காட் இடம். அவன் சம்பளத்துல வாடகை குடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியுதுன்னா அதுக்கு ஒரு காரணம் அரிசிக்குக் காசு போகலை, பிரசவம் பெரியாஸ்பத்திரியில. அதாவது ரேஷன் அரிசி அவனுக்கு மட்டும் சோறு போடலை, அந்தக் கம்பெனி குறைஞ்ச கூலியில ஆள் வச்சுக்கறதுக்கும் அதுதான் முட்டுக் குடுக்குது. அதுக்காக அரிசியை நிறுத்தணும்னு நான் சொல்ல மாட்டேன், கூலியை ஏத்துன்னு சொல்ல சங்கம் வேணும்னு சொல்லுவேன். ஆனா எங்க ஊர் ரேஷன் கடையில அந்தச் சித்தி பையன் வரிசையில நின்னு கேள்வி கேக்கலாம், கம்பெனி கேட்டுக்குள்ள போனதும் கேக்க முடியாது, சங்கம்னு வாயெடுத்தா மறுநாள் கான்ட்ராக்டர் வர வேண்டாம்னுடுவான். முதலாளித்துவம் ஜனநாயகத்தோட சேர்ந்து வாழுதுங்கறாங்க, வாழுது, ஆனா ஒரு நாள்ல எட்டு பத்து மணி நேரம் அந்த ஜனநாயகம் கேட்டுக்கு வெளியிலயே நிக்குது.

வெளியிலயும் பணம் சும்மா இருக்கறதில்லை. தேர்தல் பத்திரம்னு 2018லேருந்து ஓடினது, யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு ஓட்டுப் போடறவனுக்குத் தெரியாது, 16,000 கோடிக்கு மேல போச்சு, 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுச்சு. எங்கம்மாவுக்கு ஒரு ஓட்டு, பெரிய கம்பெனி முதலாளிக்கும் ஒரு ஓட்டு, கேக்க நல்லாத்தான் இருக்கு. அரசியல்ல சமத்துவம், வாழ்க்கையில ஏற்றத்தாழ்வு, இந்த முரண்பாட்டை சீக்கிரம் தீர்க்கலைன்னா இங்க கஷ்டப்பட்டுக் கட்டின ஜனநாயகத்தையே பாதிக்கப்பட்டவங்க உடைச்சுடுவாங்கன்னு 1949 நவம்பர் 25ல அம்பேத்கர் எச்சரிச்சார்.

"அப்ப மூணும் ஒத்துப் போற இடமே இல்லையா"ன்னான். இருக்கு, நீ இப்பப் போயிட்டு வந்த கடைன்னேன். கூட்டுறவு. 1844ல இங்கிலாந்துல ராச்டேல்ங்கற ஊர்ல நெசவுத் தொழிலாளிங்க சிலர் காசு போட்டு மாவும் வெண்ணெயும் விக்கிற ஒரு கடை ஆரம்பிச்சாங்க, எவ்வளவு பங்கு வச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், லாபம் வாங்கின சாமானுக்கு ஏத்த மாதிரி உறுப்பினருக்கே திரும்பி வரும். அதைப் பாத்து 1904ல திருவல்லிக்கேணியில நகர கூட்டுறவு சங்கம், டியூசிஎஸ், ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் நடக்குது. கடை சந்தையில வியாபாரம் பண்ணுது, சொத்து எல்லாருக்கும் பொது, முடிவு ஓட்டுல. எழுத்துல இவ்வளவு அழகா இருக்கு, நடப்புல சங்கத் தேர்தல் நடக்காம அரசாங்கம் போட்ட தனி அலுவலர் கையிலயே கடை ஓடின வருஷங்க எத்தனையோ, நடந்தாலும் ஆளுங்கட்சிக்காரங்க போட்டியே இல்லாம வந்து உக்காந்துடறாங்க. அம்மா எங்க ஊர் சங்கத்துல உறுப்பினர், அந்த அட்டை பீரோவுல இருக்கு, ஓட்டுப் போட்டதே இல்லைங்குது.

அன்னைக்குக் கடையில நடந்ததைச் சொல்லலை பாருங்க. 20 கிலோன்னு பில்லு மெஷின்ல வருது, சாக்குல கொட்டினதைத் தூக்கினப்பவே எனக்குச் சந்தேகம், பக்கத்து மளிகைக் கடை தராசுல வச்சுப் பாத்தா 18 கிலோ 400. திரும்பி வந்து கேட்டேன், மூட்டையிலயே குறைஞ்சுதான் வருது நான் என்ன பண்றதுங்கறார், அவர் சொல்றதுலயும் ஓரளவு உண்மை இருக்கலாம், குடோன்லேருந்து வர்றப்பவே சிந்தறது கிழியறது எல்லாம் அவர் தலையிலதான் விடியும். நான் கூட விட்டுடலாமான்னு நின்னேன். பின்னாடி ஒரு அம்மா, எழுபது வயசிருக்கும், கையில மடிச்ச சீனிச் சாக்கு, "ஏம்ப்பா, அந்தப் பொண்ணுக்குத் திருப்பி நிறுத்துப் போடு, அதுக்கு அப்புறம் எனக்கும் நிறுத்துதான் போடணும்"னுச்சு. வரிசையில இருந்த நாலஞ்சு பேர் ஆமாங்கவும், அண்ணன் பையன் சுவத்துல இருந்த புகார் நம்பரைப் பாத்து போனை எடுத்தான். அந்த நம்பர் 1967. அவனுக்கு அப்ப அது வெறும் நம்பர், திண்ணையில அண்ணா கதை சொல்லும்போதுதான் "அத்தை அந்த நம்பரு"ன்னு நிமிர்ந்தான்.

போன் பண்ண வேண்டி வரலை. சாக்கைத் திரும்பத் தராசுல ஏத்தினார், முள்ளைப் பாத்தார், ஒண்ணும் பேசாம அள்ளி அள்ளிப் போட்டு 20க்கு நிறுத்தினார். நான் சாக்கை இறக்கறதுக்குள்ள அந்தம்மா தன் சீனிச் சாக்கை உதறி விரிச்சுத் தராசு மேல வச்சுட்டு, கண்ணை முள்ளுல வச்சுகிட்டு நின்னுச்சு.